சத்தம் போடாத பிழை

'இன்ஜெக்ஷன்' என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு அரசு மருத்துவமனையின் நீண்ட வராந்தாவும், பஞ்சில் தோய்த்த ஸ்பிரிட்டின் வாசனையும்தான் நினைவுக்கு வரும். சென்ற ஆண்டு வரை எனக்கும் அப்படித்தான். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் என் கண்முன் வருவது வேறு காட்சி. எங்கள் துறை நூலகத்தின் வாசலில், கைக்குட்டையில் முடிந்த 480 ரூபாயுடன் நின்ற முதலாமாண்டு மாணவி ஒருத்தியின் முகம் அது. ஊசி குத்தியது அவளை, குத்தியவன் நான்.

அந்தக் கதையைத்தான் இங்கே எழுதத் துணிகிறேன். கணிப்பொறி அறிவியல் படிக்காத நண்பர்களுக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன். எங்கேனும் விளங்காமற் போனால், குற்றம் என் எழுத்தின்மீதேயன்றிப் பாடத்தின்மீதன்று.

எங்கள் துறை நூலகம் பெரியதன்று. இரண்டு இரும்பு அலமாரிகள், ஒரு நீண்ட மேசை, அதன்மேல் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு, அவ்வளவுதான். புத்தகம் எடுப்பவர் அந்த நோட்டில் தம் பதிவு எண்ணையும் புத்தக எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திருப்பித் தரும்போது நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் அண்ணன் அந்த வரியை அடித்துத் தம் கையெழுத்தை இடுவார். மூன்றாம் பருவத்தில் ஜாவா மொழியைக் கற்கத் தொடங்கிய எனக்கு அந்த நோட்டைக் கண்டாலே சிரிப்பு வரும். 'உலகம் எங்கோ போய்விட்டது. இங்கே இன்னும் நோட்டா?' என்று நண்பர்களிடம் கேலி பேசுவேன். கேலி பேராசிரியர் காதுவரை போய்விட்டது. "ஏம்ப்பா, பேசிக்கிட்டே இருக்கியே, நீயே ஒண்ணு செஞ்சு காட்டேன்" என்றார். மறுக்க முடியுமா? ஆகஸ்ட் மாதம் முழுவதும் மாலை வேளைகளில் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தேன். இறுதியாண்டு அண்ணன் ஒருவர் ஸ்பிரிங் என்னும் கட்டமைப்பை எனக்கு அறிமுகம் செய்து வைத்தார்.

ஜாவாவில் ஒரு வலைப் பயன்பாட்டை எழுதும்போது எல்லா வேலையையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. உலாவியிலிருந்து வரும் வேண்டுகோளை வாங்கிக்கொள்ளும் பகுதி ஒன்று. அதைக் கன்ட்ரோலர் என்பார்கள். புத்தகம் வழங்கலாமா, கூடாதா என்று முடிவு செய்யும் பகுதி ஒன்று, அது சர்வீஸ். தரவுத்தளத்தில் எழுதி வைக்கும் பகுதி மற்றொன்று, அது ரெபாசிட்டரி. கன்ட்ரோலருக்கு சர்வீஸ் வேண்டும். சர்வீஸுக்கு ரெபாசிட்டரி வேண்டும். ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று நிற்கிறது. இந்தச் சார்புக்குத்தான் டிபென்டென்சி என்று பெயர்.

சார்ந்து நிற்கும் ஒன்றுக்கு அது வேண்டும் பொருளைக் கொடுப்பது யார்? இதுதான் கேள்வி. கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துப் பாருங்கள். சமையல்காரர் தாமே கடைக்குப் போய் அரிசி வாங்குவதில்லை. தாமே வயலில் இறங்கிக் கத்தரிக்காய் பறிப்பதும் இல்லை. 'இன்ன சாமான் இவ்வளவு வேண்டும்' என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் கொடுத்துவிடுகிறார். கல்யாண வீட்டார் வாங்கி வைக்கிறார்கள். அவர் வந்து அடுப்பை மூட்டுகிறார். ஸ்பிரிங் என்பது அந்தக் கல்யாண வீட்டார். ஒவ்வொரு பகுதிக்கும் என்ன வேண்டும் என்று பார்த்து, அதை உருவாக்கி, உரிய இடத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. வெளியிலிருந்து உள்ளே செலுத்துவதால் இதற்கு இன்ஜெக்ஷன் என்று பெயர் வந்தது.

இது ஒன்றும் பழங்காலத்துச் சங்கதியன்று. ஜாவா 1995ஆம் ஆண்டு வெளிவந்தது. பெரிய நிறுவனங்களுக்கான பயன்பாடுகளை அதில் எழுதும் முறை நாளடைவில் மிகவும் கனத்துப்போயிற்று. ராட் ஜான்சன் என்பவர் 2002ஆம் ஆண்டு எழுதிய நூல் ஒன்றில், எளிய வழி ஒன்றை நிரல்களோடு காட்டினார். அதிலிருந்து வளர்ந்ததே ஸ்பிரிங். அதன் முதல் முழுமையான பதிப்பு 2004ஆம் ஆண்டு வந்தது. அதே ஆண்டு ஜனவரியில் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய கட்டுரை ஒன்றுதான் 'டிபென்டென்சி இன்ஜெக்ஷன்' என்ற பெயரை உலகெங்கும் பரப்பியது. இவற்றையெல்லாம் நான் படித்திருந்தேன். படித்ததைச் சொல்லவும் தெரிந்திருந்தேன். படித்ததற்கும் உணர்ந்ததற்கும் இடையே எத்தனை தூரம் என்பது திறப்பு விழா அன்றுதான் தெரிந்தது.

ஆம், திறப்பு விழாவேதான். துறைத்தலைவர், பேராசிரியர்கள், இனிப்பு, காரம் எல்லாம் உண்டு. முதல் திரை அழகாக வந்தது. புத்தகப் பட்டியல் வந்தது. கைதட்டல் எழுந்தது. துறைத்தலைவர் அவர்கள் தம் பெயரில் ஒரு புத்தகத்தை எடுப்பதற்காக 'வழங்கு' என்ற பொத்தானை அழுத்தினார். திரை வெளுத்தது; என் முகமும் வெளுத்தது. 500 என்ற எண்ணுடன் பிழைச் செய்தி ஒன்று வந்து நின்றது. உள்ளே பார்த்தால் 'நல்பாயின்டர்எக்செப்ஷன்'.

இந்த 'நல்' இருக்கிறதே, தமிழில் அது நன்மையைக் குறிக்கும். ஜாவாவில் இன்மையைக் குறிக்கும். ஒரு பொருள் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை என்பதே அதன் கருத்து. டோனி ஹோர் என்னும் அறிஞர் 1965ஆம் ஆண்டு ஆல்கால் டபிள்யூ என்ற மொழிக்காக இதைப் படைத்தார். பிறகு 2009ஆம் ஆண்டு ஒரு மாநாட்டு மேடையில், இது தாம் செய்த நூறு கோடி டாலர் தவறு என்று அவரே வருந்திச் சொன்னார். அவர் தவறின் ஒரு சிறு பங்கு அன்று எங்கள் துறைக்கும் வந்து சேர்ந்தது.

நடந்தது இதுதான். சர்வீஸுக்கு வேண்டிய ரெபாசிட்டரியை ஸ்பிரிங் கொடுக்கும் என்று குறித்திருந்தேன். ஆனால் அந்த சர்வீஸையே கன்ட்ரோலருக்குள் 'நியூ' என்ற சொல்லைப் போட்டு நானே உருவாக்கிவிட்டேன். கல்யாண வீட்டாருக்குத் தெரியாமல் தெருவில் போன சமையல்காரர் ஒருவரைக் கொல்லைப்புற வழியாக அழைத்து வந்து அடுப்படியில் நிறுத்தியது போன்ற வேலை அது. அவர் வந்திருப்பதே வீட்டாருக்குத் தெரியாது. சாமானை யார் கொடுப்பார்கள்? அவர் கையை நீட்டினார், அரிசி இல்லை. தாம் உருவாக்காத பொருளுக்கு ஸ்பிரிங் எதையும் செலுத்துவதில்லை. இந்தத் துறைக்கு வரும் புதியவர்கள் தடுக்கி விழும் முதற்கல் இது.

வெட்கம் தாளாமல் நின்ற என்னைப் பேராசிரியர் தேற்றினார். "தம்பி, தேவையை உள்ளே ஒளிச்சு வைக்காதே. கன்ஸ்ட்ரக்டரில் வாசலிலேயே கேள்" என்றார். ஒரு பொருள் பிறக்கும்போதே 'எனக்கு ரெபாசிட்டரி வேண்டும். இல்லையேல் நான் பிறக்க மாட்டேன்' என்று சொல்ல வைக்கும் முறை அது. அப்படி எழுதியிருந்தால், வெறும் கையோடு நான் போட்ட 'நியூ' என்ற வரியைக் கம்பைலரே ஏற்றிருக்காது. விழா மேடைவரை வந்திராமல் ஆய்வுக்கூடத்திலேயே பிழை பிடிபட்டிருக்கும். அன்றிரவே மாற்றி எழுதினேன். மறுநாள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. நீல நோட்டை உதவியாளர் அண்ணன் மேசை இழுப்பறையில் போட்டு மூடினார்.

இதுவரை சொன்னது என் வெட்கம். இனிச் சொல்வது என் குற்றம்.

ஒரு மாணவர் இரண்டு புத்தகங்கள் வரை எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பதிவு எண்ணைத் தட்டச்சு செய்வது தொல்லை என்று சிலர் சொன்னார்கள். எனவே ஒரு வசதி செய்தேன். முதலில் பதிவு எண்ணைக் கொடுத்தால் போதும். அதை சர்வீஸுக்குள் 'தற்போதைய மாணவர்' என்று ஒரு பெயரிட்டு வைத்துக்கொள்வேன். பிறகு புத்தக எண்ணைக் கொடுத்தால், வைத்திருக்கும் பெயரில் அது பதிவாகும். பலமுறை சோதித்தேன். ஒருமுறைகூடப் பிழை வரவில்லை. வருமா? சோதித்தவன் நான் ஒருவன், ஒரே கணிப்பொறி.

செப்டம்பரில் கூட்டம் மிகுந்ததால் நூலகத்தில் இரண்டாவது கணிப்பொறியையும் வைத்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. பிழைச் செய்தி எதுவும் இல்லை. நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

நவம்பர் வந்தது. தேர்வு நுழைவுச் சீட்டில் துறையின் கையொப்பம் பெற, நூலகத்தில் நிலுவை இல்லை என்று காட்ட வேண்டும். உதவியாளர் அண்ணனுக்கு உதவியாக அன்று நான்தான் திரையின் முன் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தங்கை தான் எடுத்த ஒரு புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டுச் சீட்டை நீட்டினாள். திரையில் அவள் பெயரில் இன்னொரு புத்தகம் இருந்தது. விலை 480 ரூபாய்.

"அண்ணா, நான் ஒரு புக்குதான் எடுத்தேன்" என்றாள்.

"கம்ப்யூட்டரில் இருக்கேம்மா" என்றேன்.

"இல்லைண்ணா. அந்தப் புக்கை நான் பார்த்ததுகூட இல்லை."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? வீட்டில் நல்லாத் தேடிப் பாரு."

அவள் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். மறுநாள் காலையில் கைக்குட்டையில் முடிந்த பணத்தோடு வந்தாள். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள். எண்ணி வாங்கிக்கொண்டு நான்தான் நிலுவையை நீக்கினேன். நுழைவுச் சீட்டில் கையொப்பம் ஆயிற்று. எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு புத்தகத்தைத் திருப்பித் தர வந்தான். புத்தக எண்ணைத் தட்டினேன். அது அவன் பெயரில் இல்லை. அந்தத் தங்கையின் பெயரில் இருந்து, பணம் கட்டித் தீர்ந்ததாகக் காட்டியது. அதே புத்தகம்! "நீயா எடுத்தாய்?" என்றேன். "ஆமாண்ணா, செப்டம்பரிலேயே எடுத்தேன். நம்பரைப் போட்டுட்டு அலமாரிக்குப் போய்ப் புக்கை எடுத்துட்டு வந்தேன்" என்றான்.

என் உள்ளங்கை வியர்த்தது. அன்று மாலை பேராசிரியரும் நானும் இரண்டு கணிப்பொறிகளின் முன் உட்கார்ந்தோம். முதற்பொறியில் அவர் தம் எண்ணைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். இரண்டாம் பொறியில் நான் என் எண்ணைக் கொடுத்தேன். பிறகு அவர் புத்தக எண்ணை அழுத்தினார். புத்தகம் என் பெயரில் ஏறியது. பிழைச் செய்தி இல்லை. வெள்ளைத் திரை இல்லை. 'வெற்றிகரமாக வழங்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் ஒரு வரி. முதன்முறையாக அந்தப் பச்சை எழுத்தைக் கண்டு அஞ்சினேன்.

காரணம் இதுதான். ஸ்பிரிங் ஒரு பகுதியை உருவாக்கும்போது, நாம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், அதில் ஒன்றே ஒன்றைத்தான் உருவாக்குகிறது. அந்த ஒன்றையே கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறது. இதைச் சிங்கிள்டன் என்பார்கள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் பத்துப் பேருக்கும் அந்த ஒரே சர்வீஸ்தான் வேலை செய்கிறது. அதில் குற்றமில்லை; வேகத்துக்கும் சிக்கனத்துக்கும் அது நல்லது. குற்றம் அதற்குள் ஒருவருடைய பெயரை எழுதி வைத்ததுதான். கல்யாண வீட்டில் ஒரே ஒரு சிலேட்டைச் சுவரில் மாட்டி, 'இப்போது மொய் எழுதுகிறவர் பெயர்' என்று அதில் எழுதி வைத்தால் என்ன ஆகும்? ஒருவர் பெயரை எழுதிவிட்டுப் பணத்தை எடுக்கப் பைக்குள் கையை விடுவதற்குள், அடுத்தவர் அதை அழித்துத் தம் பெயரை எழுதிவிடுவார். முன்னவர் பணம் பின்னவர் பெயரில் சேரும். எங்கள் சர்வீஸில் அந்தச் சிலேட்டை மாட்டியவன் நான்.

ஸ்பிரிங் தோன்றும் முன்பே, செர்வ்லெட் எழுதியவர்களுக்கும் இது தெரிந்த உண்மைதான். ஒரே செர்வ்லெட் பொருள் பல வேண்டுகோள்களுக்கு ஒரே வேளையில் விடை சொல்லும். ஆகையால் அதன் உறுப்பு மாறிகளில் ஒருவருக்கு மட்டும் உரியதை வைக்காதே என்று அன்றே சொல்லியிருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டு ஜாவாவின் நிறுவனப் பதிப்பில் சேர்ந்த சிடிஐ என்னும் முறையிலோ நிலை வேறு; அங்கே நாம் எதுவும் குறிக்காவிட்டால் கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பொருள் கிடைக்கும். ஓர் இடத்துப் பழக்கத்தை இன்னோர் இடத்துக்கு எண்ணிப் பாராமல் கொண்டுபோகக் கூடாது என்பதும் இதிலிருந்து விளங்குகிறது.

ஒரு வேண்டுகோளுக்கு ஒரு பொருள், ஒரு பயனர் அமர்வுக்கு ஒரு பொருள் என்று கேட்டு வாங்கும் வழிகளும் ஸ்பிரிங்கில் உண்டு. அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. சிங்கிள்டன் பிறப்பது ஒரே முறை. அதற்குள் செலுத்துவதும் அந்த ஒரே முறைதான். குறுகிய ஆயுள் உள்ள ஒன்றை அதற்குள் நேராகச் செலுத்த முடியாது. ஒவ்வொரு முறையும் உரிய பொருளைத் தேடிப் பிடித்துத் தரும் பிராக்ஸி என்னும் இடையாளை நடுவில் நிறுத்த வேண்டும். எங்கள் சிறிய வேலைக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. 'தற்போதைய மாணவர்' என்ற அந்த ஒரு வரியை அழித்தேன். பதிவு எண்ணும் புத்தக எண்ணும் ஒன்றாகவே வரும்படி, ஒவ்வொரு வேண்டுகோளும் தன் பெயரைத் தானே சுமந்து வரும்படி மாற்றினேன். நான் கண்டுபிடித்த வசதி ஒழிந்தது, உண்மை திரும்பியது.

வரியை அழித்தேன், ஆனால் நான் சொன்ன சொல்லை எப்படி அழிப்பது? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஓர் அலுவலகத்துக்கு அவரோடு போயிருந்தேன். ஏதோ ஒரு பதிவில் தவறு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பெரிய புத்தகம் ஒன்றைத் திருப்பிக் காட்டி, "இதில் இப்படித்தானே எழுதியிருக்கு? நான் என்ன செய்யட்டும்?" என்றார். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். "எழுத்துக்கு எதிரே நாம என்னத்தைப் பேசுறது, தம்பி" என்றார். அந்த மேசைக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும் என்றுதான் நான் படித்தேன். போயும் விட்டேன். போன உடனே நான் பேசிய முதல் வார்த்தை, என் தந்தையை வாயடைக்கச் செய்த அதே வார்த்தை. அவருக்காவது அந்த எழுத்தை எழுதியவர் யாரென்று தெரியாது. இந்த எழுத்தை எழுதியவனோ நான். அதைக் காட்டி 'பொய் சொல்லுமா?' என்று கேட்டவனும் நான்.

மறுநாள் பேராசிரியரின் அனுமதி பெற்று முதலாமாண்டு வகுப்பறைக்குப் போனேன். எல்லோர் முன்னும் தவறு என்னுடையது என்று சொன்னேன். அவள் தந்த பணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அண்ணா, அப்போ வேற யாருக்கும் இப்படி ஆகியிருக்குமா?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. அன்றும் அடுத்த நாளும் உதவியாளர் அண்ணனும் நானும் அலமாரிப் புத்தகங்களையும் பதிவுகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். வெளியே இருந்த புத்தகங்களை வைத்திருந்தவர்களை வகுப்பு வகுப்பாகத் தேடிப் போய்க் கேட்டோம். இன்னும் மூன்று பதிவுகள் பெயர் மாறிக் கிடந்தன. மூன்றையும் திருத்தினோம்.

நண்பர்களே, நல்பாயின்டர் பிழையைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது ஊரைக் கூட்டிக் கூவும், நம்மை வெட்கப்படுத்தும், ஆனால் வேறு யாருக்கும் தீங்கு செய்யாது. சத்தம் போடாத பிழைக்குத்தான் அஞ்ச வேண்டும். அது நமக்குப் பச்சை எழுத்தைக் காட்டிவிட்டு, முகம் தெரியாத ஒருவரின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்போது அதற்கு இருக்கும் ஒரே சத்தம், 'நான் எடுக்கவில்லை' என்று மேசைக்கு எதிரே நின்று சொல்லும் ஒரு மனிதரின் குரல்தான். அந்தக் குரலையும் நாம் அடக்கிவிட்டால் பிழையைக் கண்டுபிடிக்க வேறு வழி ஏது? புத்தகத்தைத் திருப்பித் தர அந்த மாணவன் வந்திராவிட்டால், இன்றுவரை நான் அவளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பேன்.

இப்போது எங்கள் துறை நூலகத்தில் கணிப்பொறிகள் இரண்டும் ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவே நீல அட்டை நோட்டும் மீண்டும் மேசைக்கு வந்துவிட்டது. புத்தகம் எடுப்பவர் திரையில் பதிந்த பிறகு நோட்டிலும் கையெழுத்துப் போடுகிறார். அதைக் கண்டு இப்போது நான் சிரிப்பதில்லை. புதிதாக எதையாவது எழுதி முடித்தால் முதலில் அந்தத் தங்கையையும் அவள் தோழியையும்தான் அழைக்கிறேன். இருவரும் ஆளுக்கொரு பொறியின் முன் உட்கார்ந்து, "அண்ணா, ரெண்டு பேரும் ஒண்ணாவே அழுத்தட்டுமா?" என்று கேட்கிறார்கள்.

அழுத்துங்கள் தங்கைகளே, நன்றாக அழுத்துங்கள். பிழை இருந்தால் அது என் முன்னாலேயே சத்தம் போடட்டும்.